டைப்-8 சரக்குக் கப்பல்: டன் கணக்கும் டூப்பு கணக்கும்

மைசூர் தமிழ்ப் பசங்க வட்டாரத்துல கொஞ்ச நாளாவே ஒரு சண்டை ஓடிக்கிட்டிருக்கு. எலீட் டேஞ்சரஸ் விளையாட்டுல டைப்-8 தான் மீடியம் சரக்குக் கப்பல்களுக்கெல்லாம் ராஜா, கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு ஒரு கோஷ்டி. அந்தக் கோஷ்டிக்குள்ள ஒரு உள்கோஷ்டி வேற. கிரெடிட் சேர்த்து வாங்குறவன் ஏமாளி, ரூபாயைக் கட்டி ரெடிமேடா வாங்கிப் பறக்குறவன்தான் புத்திசாலின்னு அவங்க கட்சி. எதிர்ப்பக்கம் அப்பா அம்மாக்கள். "கப்பலாவது கத்திரிக்காயாவது, கம்ப்யூட்டரை மூடுடா" என்பது இவங்க கட்சி.

மூணு கட்சியும் தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. திட்டுறவங்க முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க :-)

முதல்ல விளையாட்டே தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 1984-ல இங்கிலாந்துல டேவிட் பிரேபன், இயன் பெல்னு ரெண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டருக்கு 'எலீட்'னு ஒரு விளையாட்டு எழுதினாங்க. கையில 100 கிரெடிட், ஒரு சின்னக் கப்பல், 20 டன் கொள்ளளவு. விவசாயக் கிரகத்துல உணவை வாங்கி தொழிற்சாலைக் கிரகத்துல விக்கணும், அங்கேருந்து கம்ப்யூட்டரை ஏத்திக்கிட்டுத் திரும்பணும். நடுவுல கொள்ளைக்காரன் வருவான். நம்ம செட்டிமார்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறின கதையேதான், கடலுக்குப் பதிலா ஆகாசம். அதோட வாரிசுதான் 2014 டிசம்பர்ல வந்த எலீட் டேஞ்சரஸ். பிரேபனோட ஃபிரான்டியர் கம்பெனி தயாரிப்பு. நம்ம பால்வீதியையே, 40 ஆயிரம் கோடி சூரியக் குடும்பங்களோட, அளவு குறைக்காம உள்ளே வெச்சிருக்காங்க. சண்டை போடலாம், ஊர் சுத்தலாம், சுரங்கம் தோண்டலாம். சும்மா லோடு அடிச்சும் பிழைக்கலாம். எனக்குப் பிடிச்சது கடைசிதான்.

ஏன்னா நான் பேங்க்ல சேர்ந்து பல வருஷம் பார்த்தது லாரிக் கடன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் வேலை பார்த்தவனுக்கு வேற என்ன வரும்? லாரிக்குக் கடன் கேட்டு வர்றவர் எப்பவும் முதல்ல சொல்றது, "சார், இத்தனை டன் தாங்கும் சார்." நாங்க கடைசியாப் பார்க்கிறது அதைத்தான். எந்த ரூட்டு? பர்மிட் என்ன? ரிட்டர்ன் லோடு உண்டா? இன்சூரன்ஸ் எதுக்குப் போட்டிருக்கு, வண்டிக்கா சரக்குக்கா? மார்ஜின் பணம் எங்கேருந்து வருது? இந்த அஞ்சு கேள்விக்குப் பதில் சரியா இருந்தா டன் தானா வந்து உட்காரும். கப்பலையும் இதே தராசுல நிறுத்துவோம்.

1. டன் கணக்கு

டன் கோஷ்டிக்கே முதல் மரியாதை. டைப்-6, ஆரம்ப வியாபாரியோட மினி லாரி. விலை சுமார் 10.5 லட்சம் கிரெடிட், அதிகபட்சம் 112 டன். டைப்-7, விலை 1 கோடியே 75 லட்சம் கிட்ட, கொள்ளளவு 300 டன்னுக்குக் கொஞ்சம் மேல. பைத்தான், விலை 5 கோடியே 70 லட்சம் கிட்ட, கொள்ளளவு 280-ஐத் தாண்டும். 2024 ஆகஸ்ட்ல வந்த டைப்-8 கிட்டத்தட்ட 400 டன்.

இதை டன்னுக்கு எவ்வளவு முதலீடுன்னு வகுத்துப் பாருங்க. வெறும் கப்பல் விலை மட்டும் எடுத்தா டைப்-6 டன்னுக்கு 9,300 கிரெடிட். டைப்-7 டன்னுக்கு 57 ஆயிரம். பைத்தான் டன்னுக்கு 2 லட்சம். டன் ஒண்ணுதான் கணக்குன்னா பைத்தானை எவனும் தொட்டிருக்கக் கூடாது. டைப்-7 அதைவிட அதிகமா ஏத்தும், மூணுல ஒரு பங்கு விலை. ஆனா பல வருஷம் வியாபாரிங்க வரிசையில நின்னு வாங்கினது பைத்தானைத்தான். டைப்-7 பேரைச் சொன்னா சிரிச்சாங்க. ஏன்? அடுத்த கேள்விக்கு வாங்க.

2. பர்மிட் கணக்கு

இந்த விளையாட்டுல எந்த நிலையத்துல இறங்கணும்னாலும் இறங்குதளம் வேணும். சின்னது, மீடியம், பெருசுன்னு மூணு அளவு. பெரிய நிலையங்கள்ல மூணும் இருக்கும். ஆனா அவுட்போஸ்ட்னு சொல்ற சின்ன நிலையங்கள்ல பெரிய தளமே கிடையாது. உங்க கப்பலுக்குப் பெரிய தளம்தான் வேணும்னா அந்த ஊர்ச் சந்தை உங்களுக்கு இல்ல. கதவு சாத்தியாச்சு.

டைப்-7 மாட்டினது இங்கேதான். அதோட நீளம் சுமார் 82 மீட்டர், அகலம் 56. பைத்தானோட நீளம் 88, அகலம் 58. ரெண்டுலயும் பைத்தான்தான் பெருசு. ஆனா பைத்தான் மீடியம் தளத்துல இறங்கும், டைப்-7 இறங்காது. காரணம் உயரம். பைத்தான் 18 மீட்டர், டைப்-7 25 மீட்டர். ரயில்வே சுரங்கப் பாலத்துக்கு அடியில முட்டிக்கிட்டு நிக்கிற வைக்கோல் லாரியைப் பார்த்திருப்பீங்களே, அதேதான். மீடியம் கப்பலோட வயிறு, பெரிய கப்பலோட பர்மிட்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைத் திம்பம் மலைப்பாதையை வெச்சுச் சொன்னாப் போதும். மைசூர்லேருந்து சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியா சத்தியமங்கலம் இறங்குற பாதை. 27 கொண்டை ஊசி வளைவு. 2022-ல சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்கு அப்புறம் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை, பன்னிரண்டு சக்கர லாரிகளுக்கும் தடை. உங்க வண்டி எத்தனை டன் தாங்கினா என்ன, பண்ணாரி சோதனைச் சாவடியில திருப்பி அனுப்பிட்டா அந்த டன்னை வெச்சு என்ன பண்றது? ஊட்டிப் பக்கம் போகலாம்னா பந்திப்பூர்ல 2009-லேருந்து ராத்திரி 9 மணிக்கு மேல கேட்டை மூடிடுவாங்க. இந்த ரூட்டுல எத்தனையோ முதலாளிங்க பெரிய வண்டியை வித்துட்டு நடுத்தர வண்டி வாங்கினதுக்குக் காரணம் இந்தச் சாவடிதான், டன் இல்ல.

விளையாட்டுலயே இதுக்கு ஒரு பிரசித்தி பெற்ற உதாரணம் இருக்கு. ஆல்ஃபா சென்டாரியில ஹட்டன் ஆர்பிட்டல்னு ஒரு நிலையம். நீங்க வந்து இறங்குற நட்சத்திரத்துலேருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கு. சாதாரண எஞ்சின்ல ஒரு மணி நேரத்துக்கு மேல நேராப் பறக்கணும். புதுசா வர்றவங்ககிட்ட "அங்கே போனா அனகோண்டா கப்பல் இலவசமாத் தர்றாங்க"ன்னு கொளுத்திப் போடுறது பழைய ஆளுங்களோட பொழுதுபோக்கு. பையன் ஒரு மணி நேரம் பறந்து போவான். அங்கே இலவசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதைவிடத் தமாஷ், ஹட்டன் ஒரு அவுட்போஸ்ட். அனகோண்டா பெரிய கப்பல். இலவசமாக் கொடுத்தாலும் அங்கே நிறுத்த இடமே கிடையாது!

டைப்-8-க்கு முழு மார்க் போட வேண்டிய இடம் இது. 400 டன் கிட்ட ஏத்திக்கிட்டு மீடியம் தளத்துல இறங்குது. பத்து வருஷமா டைப்-7 வெச்சிருந்தவன் பெருமூச்சு விட்ட குறையை ஒருவழியா சரி பண்ணிட்டாங்க. டன்னுக்காக இதைக் கொண்டாடுறவங்க கவனிக்கணும். அதே 400 டன்னை ஏத்திக்கிட்டு இது பெரிய தளம் கேட்டிருந்தா யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க. பெரிய தளம்னு போயிட்டா 2025 ஜூலையில வந்த பேந்தர் கிளிப்பர் மார்க்-2 ஆயிரம் டன்னுக்கு மேல ஏத்துது. அங்கே போய் டைப்-8 என்ன பண்ணும்?

3. நடைக் கணக்கு

லாரி சம்பாதிக்கிறது டன்ல இல்ல, மாசத்துக்கு எத்தனை நடை அடிக்குதுங்கிறதுல. நாமக்கல்லேருந்து முட்டை ஏத்திக்கிட்டு வர்ற வண்டி காலியாத் திரும்பினா பாதி லாபம் டீசல்லயே போச்சு. கப்பலுக்கும் அதேதான். போகும்போது ஒரு சரக்கு, வரும்போது ஒரு சரக்குன்னு ரெண்டு பக்கமும் லாபம் வர்ற ஜோடி ஊர்களைக் கண்டுபிடிக்கிறதுலதான் வியாபாரியோட மூளை இருக்கு.

ஒரு கற்பனைக் கணக்கு. டன்னுக்கு 10 ஆயிரம் கிரெடிட் லாபம்னு வெச்சுக்குவோம். 400 டன் கப்பல் மணிக்கு மூணு நடை அடிச்சா 1 கோடியே 20 லட்சம். 280 டன் கப்பல் பக்கத்து ஊராப் பார்த்து மணிக்கு அஞ்சு நடை அடிச்சா 1 கோடியே 40 லட்சம். சின்னக் கப்பல் ஜெயிச்சிடுச்சு! டன் கோஷ்டி ஒரு பக்கம் மட்டும் பெருக்கிட்டு நிறுத்திடுறாங்க. எங்க பேங்க்ல இப்படி ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் வந்தா பேனாவை மூடிட்டு டீ குடிக்கப் போயிடுவோம்.

இதுலயும் டைப்-8-க்கு ஒரு பிளஸ் இருக்கு, மறைக்க மாட்டேன். 2024 மே மாசம் ஒரு புது வகை எஞ்சின் வந்துச்சு. ஓவர்சார்ஜ் பண்ணி நட்சத்திரத்துலேருந்து நிலையத்துக்குப் போற நேரத்தைக் கடுமையாக் குறைக்கலாம். பழைய கப்பல்கள்ல அதைப் போட்டா வண்டி ஆட்டம் போடும், சூடு ஏறும், எரிபொருளைக் குடிக்கும். புதுசா வந்த கப்பல்களை அந்த எஞ்சினுக்குன்னே வடிவமைச்சாங்க, டைப்-8-ம் அதுல ஒண்ணு. ஆக நடைக் கணக்குலயும் பாஸ்.

2025 பிப்ரவரியில வந்த குடியேற்றத் திட்டம் இந்தக் கணக்கை இன்னும் கூராக்கிடுச்சு. ஆளில்லாத சூரியக் குடும்பத்துல நீங்களே ஒரு நிலையம் கட்டலாம். இரும்பு, அலுமினியம், தண்ணி, உணவுன்னு எல்லாத்தையும் நீங்கதான் சுமந்து கொண்டுபோய்க் கொட்டணும். ஒரு சின்ன அவுட்போஸ்ட்டுக்கே 20 ஆயிரம் டன் அளவுல ஆகும். டைப்-6-ல 200 நடை. டைப்-8-ல 50 நடை. இங்கே மட்டும் டன் கோஷ்டி சொல்றது சரி, டன்தான் ராஜா. அப்படின்னா பெரிய தளம் இருக்கிற ரூட்டைப் பிடிச்சுப் பெரிய கப்பலை ஓட்டணும். மீடியம் கப்பலுக்குத் தனி நியாயம் உள்ள இடம் அவுட்போஸ்ட் சந்தை. வாங்குறவர் முதல்ல தான் எந்த ரூட்டுங்கிறதைச் சொல்லட்டும், அப்புறம் வண்டியைப் பேசலாம்.

4. இன்சூரன்ஸ் கணக்கு

கப்பல் உடைஞ்சா அதோட மதிப்புல 5 சதவீதம் கட்டினாப் புதுசா வந்துடும். ஆஹா, எந்த இன்சூரன்ஸ் கம்பெனி இப்படித் தருதுன்னு வாயைப் பிளக்காதீங்க. அது வண்டிக்கு மட்டும்தான். ஏத்தின சரக்குக்குச் சல்லிக்காசு வராது.

தங்கம் டன் 47 ஆயிரம் கிரெடிட் வாக்குல போகும். டைப்-8-ல 400 டன் தங்கம் ஏத்தினீங்கன்னா 1 கோடியே 88 லட்சம். மேல சொன்ன டைப்-7 கப்பலோட விலையே 1 கோடியே 75 லட்சம்தான். ஒரே லோடுல ஒரு முழுக் கப்பலை இன்சூரன்ஸ் இல்லாம முதுகுல கட்டிக்கிட்டுப் பறக்குறீங்க. கொள்ளைக்காரன் துரத்தும்போது இது ஞாபகம் வரணும்.

இங்கேதான் டன் கோஷ்டியோட டூப்பு. அவங்க சொல்ற 400, ஷீல்டைக் கழட்டிட்டு எல்லா அறையிலயும் சரக்கு அலமாரி போட்டா வர்ற கணக்கு. ஷீல்டு வேணும்னா அதுக்கு ஒரு அறையை விட்டுக் கொடுக்கணும். 32 டன் அறையைக் கொடுத்தா 400 கிட்ட இருந்தது 370 கிட்ட இறங்கிடும். ஷீல்டு இல்லாம ஓட்டுறதுங்கிறது பிரேக் டிரம்மைக் கழட்டி எடையைக் குறைச்சுட்டு, "பாருங்க சார், ரெண்டு மூட்டை கூட ஏறுது"ன்னு சொல்ற மாதிரி. நிலையத்து வாசல்ல லேசா உரசினாலே போச்சு. தனியாளா ஆடுற சோலோ முறையில நிஜ மனுஷக் கொள்ளைக்காரன் வர மாட்டான், உண்மை. சுவர் வருமே? மதிப்பீட்டுல நான் எழுதுற எண் 370 தான். மினுக்குற எண் விளம்பரத்துக்கு.

ஆக நாலு கேள்வியில டைப்-8 தேறிடுச்சு. 370 டன், மீடியம் தளம், வேகமான நடை. சரக்கு ஆபத்து எல்லாக் கப்பலுக்கும் பொது. கிரெடிட் சேர்த்து வாங்குறவருக்கு என் சிபாரிசு: தாராளமா வாங்கலாம். அஞ்சாவது கேள்வியிலதான் வண்டி கவிழுது.

5. மார்ஜின் பணம் எங்கேருந்து வருது?

2019-லேருந்து இந்த விளையாட்டுல ஆர்க்ஸ்னு இன்னொரு நாணயம் இருக்கு. விளையாடியே கொஞ்சம் கொஞ்சமாச் சேர்க்கலாம், இல்லைன்னா நிஜப் பணம் கட்டி வாங்கலாம். ரொம்ப நாள் அது கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கவும் அலங்காரம் பண்ணவும் மட்டும்தான் ஆச்சு. 2024-லேருந்து புதுக் கப்பலே முதல்ல ஆர்க்ஸ் உள்ளவங்களுக்கு, சில மாசம் கழிச்சுத்தான் கிரெடிட் சேர்க்கிற ஜனங்களுக்குன்னு ஆக்கினாங்க. டைப்-8 அப்படித்தான் வந்துச்சு. பேந்தர் கிளிப்பரும் அப்படித்தான். எல்லாச் சாமானும் பூட்டின ரெடிமேட் கப்பலும் ஆர்க்ஸுக்கு விக்கிறாங்க.

இதுக்கு நம்ம பசங்க சொல்ற நியாயங்களை ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

"சார், நான் வேலைக்குப் போறவன், எனக்கு நேரமில்ல. ஒரு குடும்பம் மால்ல படம் பார்த்துட்டு வர்ற காசுதானே?" காசு பெருசில்ல, ஒத்துக்கிறேன். ஆனா நேரமில்லாதவன் எதுக்குச் சரக்குக் கப்பல் வாங்குறான்? சண்டைக் கப்பலைக் காசு கொடுத்து வாங்கினா, சண்டை போட ஆசை, சேர்க்கப் பொறுமை இல்லைன்னு சொல்லலாம். தூரதேசம் போற கப்பலை வாங்கினா ஊர் சுத்த ஆசைன்னு சொல்லலாம். சரக்குக் கப்பலோட ஒரே வேலை லோடு அடிச்சுச் சம்பாதிக்கிறது. சம்பாதிக்கிற சலிப்பைத் தவிர்க்கக் காசு கொடுத்துட்டு, அந்தக் காசுல சம்பாதிக்கிற எந்திரத்தை வாங்குறீங்க. லாரி ஓட்டவே பிடிக்காதவன் கடன் வாங்கி லாரி வாங்கின கதை இது. அப்புறம் அந்தக் கப்பல்ல ஏறி என்ன பண்ணுவீங்க? தவிர்த்த அதே வேலையைத்தான்.

டைப்-6 வெச்சு 100 டன், 100 டன்னா அடிச்சு, ஒரு லோடு பறிகொடுத்து, ரூட்டை மாத்தி, மெல்ல மேல வந்து டைப்-8 வாங்குறவனுக்கு 400 டன்னோட அருமை தெரியும். முதல் நாளே கையில கிடைச்சவனுக்கு அது வெறும் எண். ஒரு வாரத்துல அலுத்துடும். அலுத்ததும் அடுத்த கப்பலுக்கு விளம்பரம் வந்திருக்கும்.

"எப்படியும் சில மாசத்துல கிரெடிட்டுக்கு வந்துடுதே, அப்புறம் என்ன அநியாயம்?" சரியாப் போச்சு, அதையேதான் நானும் கேக்கிறேன். சில மாசத்துல வந்துடும்னா எதுக்கு இப்பவே கொடுக்கணும்? நீங்க வாங்கினது கப்பலை இல்ல, வரிசையில முன்னாடி நிக்கிற இடத்தை. முதல் நாள் முதல் காட்சிக்கு பிளாக்ல எடுத்த டிக்கெட். மத்தவங்களுக்கும் கிரெடிட்டுக்குக் கிடைக்கிற அன்னிக்கு நீங்க கொடுத்த காசோட மதிப்பு பூஜ்யம். லாரிக்குக்கூட வருமான வரிக்காரங்க வருஷத்துக்கு 30 சதவீதம்தான் தேய்மானம் தர்றாங்க. இது சில மாசத்துல நூறு சதவீதம்!

"கம்பெனி நடக்கணுமே சார், சர்வருக்கு யார் பணம் கட்டுறது?" இது நியாயமான கேள்வி. பிடிச்ச விளையாட்டுக்குக் காசு கொடுக்கிறது தப்பே இல்ல. பெயின்ட் வாங்குங்க! நாமக்கல் பட்டறையில லாரி பாடி கட்டி முடிச்சதும் முதலாளி பெயின்ட்டுக்கும் கண்ணாடிக்கு மேல பேர் எழுதுறதுக்கும் தனியாச் செலவு பண்ணுவார். அது ஆசைக்கு. அதுல யாரும் வருமானம் எதிர்பார்க்கிறதில்ல, அதனால யாரும் ஏமாறுறதும் இல்ல. கம்பெனி பெயின்ட் வித்துப் பிழைச்ச வரைக்கும் எனக்குச் சண்டை இல்ல. வரிசையை விக்க ஆரம்பிச்சதுலதான் சண்டை. வரிசை விக்கிற கடைக்கு வரிசையை நீளமாக்குறதுலதான் லாபம். இது எந்த வியாபாரத்துக்கும் பொது.

ஒரு கணக்குப் பாடமும் சேர்த்துக்கறேன், பி.காம். படிச்ச தோஷம். மூலதனச் செலவு, வருவாய்ச் செலவுன்னு ரெண்டு உண்டு. லாரி வாங்கினா மூலதனச் செலவு. நாளைக்கு வித்தாலும் ஏதோ வரும், ஆர்.சி. புத்தகம் உங்க பேர்ல இருக்கும். விளையாட்டுக் கப்பலுக்கு ஆர்.சி. கிடையாது. 'சம்மதம்'னு படிக்காம அமுக்குற ஒப்பந்தத்துல, இது உங்க சொத்தில்ல, பயன்படுத்த அனுமதி மட்டும்தான்னு எழுதியிருக்கும். சர்வரை நிறுத்தினா எல்லாம் போச்சு. அதனால இது சினிமா டிக்கெட் கணக்குல போக வேண்டிய செலவு. அப்படி நினைச்சுச் செலவு பண்றவனோட எனக்குப் பேச்சே இல்ல. "முதலீடு சார்"னு சொல்றவனோடதான்.

பெரிய அண்ணன் கதை

எலீட் பரவாயில்லை, கப்பலைக் கட்டி முடிச்சுட்டு விக்கிறாங்க. இன்னொரு பக்கம் ஸ்டார் சிட்டிசன் இருக்கு. 2012-ல பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டி ஆரம்பிச்சது. முதல்ல சொன்ன வெளியீட்டு வருஷம் 2014. 2025 வரைக்கும் 80 கோடி டாலருக்கு மேல வசூல் பண்ணியும் அந்த வருஷம் முடியுற வரை முழு வெளியீடு ஆகலை, சோதனைப் பதிப்புதான். வசூல்ல பெரும்பங்கு கப்பல் விற்பனை. அங்கே நடுத்தர சரக்குக் கப்பல் ஒண்ணு நூறு டாலரைச் சர்வசாதாரணமாத் தாண்டும். 2015-ல படத்தைக் காட்டி வித்த ஹல்-சி என்ற சரக்குக் கப்பல் 2023-லதான் விளையாட்டுக்குள்ள பறந்துச்சு. எட்டு வருஷம்! அதுக்கு 'ஆயுள் முழுக்க இன்சூரன்ஸ்' வேற சேர்த்துக் கொடுப்பாங்க. வண்டியே பாடி கட்டலை, இன்சூரன்ஸ் ரெடி. 2024 ஜனவரியில கப்பல்களை மொத்தமாக் கட்டி 48 ஆயிரம் டாலருக்கு ஒரு பொட்டலம் வித்தாங்க. அந்தப் பக்கத்தைப் பார்க்கவே ஏற்கெனவே ஆயிரம் டாலர் செலவு பண்ணியிருக்கணும். மைசூர்ல அந்தக் காசுக்கு நிஜமாவே லாரி வாங்கி, டிரைவர் போட்டு, டீசலும் நிரப்பலாம்.

எலீட்டும் இதுவும் ஒண்ணுன்னு நான் சொல்லலை. ரெண்டும் ஒரே ரோட்டுலதான் போகுது, ஒண்ணு ரொம்ப முன்னாடி போயிடுச்சு. டைப்-8-க்குக் கொடுக்கிற சில்லறையைப் பத்தி நான் இவ்வளவு கத்துறதுக்குக் காரணம் அதுதான்.

அப்பா அம்மாக்களுக்கு

கடைசியா மூணாவது கட்சி. ஊரை விட்டு வந்து, வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஊர்ல அம்மாவுக்கு மருந்துன்னு ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவு பண்ற குடும்பங்கள் நம்மது. எங்க கிளைக்கு ஒரு தமிழ்க் குடும்பத்துப் பெரியவர் வந்தார். கார்டு ஸ்டேட்மென்ட்ல புரியாத வெளிநாட்டு வரிகள். "சார், யாரோ திருடிட்டாங்க." பார்த்தா திருட்டு இல்ல. பையன் ஏதோ ஒரு விளையாட்டுல அப்பா கார்டைப் போட்டு வெச்சிருக்கான், கொஞ்சம் கொஞ்சமாப் போயிருக்கு. அந்த மனுஷன் தலை குனிஞ்சதுதான் எனக்குத் தாங்கலை. தொகை சின்னதுதான். "என்கிட்டக் கேட்டிருந்தாக் கொடுத்திருப்பேனே சார்"னு ஒரே வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டார்.

சட்டம் பார்த்துக்கும்னு இருக்காதீங்க. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துல வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி, ஜெயிச்சாப் பணம் வர்ற ஆட்டங்களைத்தான் தடை பண்ணுது. கப்பல் வாங்குறதுல ஜெயிச்சு வர்ற பணமே கிடையாது, போற பணம் மட்டும்தான்! பேங்க்ல வழி இருக்கு. ரிசர்வ் பேங்க் உத்தரவுப்படி 2020-லேருந்து புதுக் கார்டுல ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனை ரெண்டும் நாமளாத் திறந்தாத்தான் திறக்கும். திறந்ததை ஆப்ல மூடலாம், வரம்பு வைக்கலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இன்னிக்கே மூடி வைங்க. வேணும்னாத் திறந்துக்கலாம்.

ஆனா கம்ப்யூட்டரை மூடாதீங்க. வாங்குற விலை, விக்கிற விலை, ரிட்டர்ன் லோடு, இன்சூரன்ஸ் இல்லாத ஆபத்து, கையிருப்பு முதல்னு நான் மூணு வருஷம் காலேஜ்ல படிச்சதை இந்த விளையாட்டு ஒரு டைப்-6-ல சொல்லிக் கொடுத்துடுது. பையன் பக்கத்துல உட்கார்ந்து, "இந்த லோடுல எவ்வளவுடா லாபம்? கப்பல் உடைஞ்சா எவ்வளவு போகும்?"னு கேட்டுப் பாருங்க. பதில் சொல்றான்னா அவன் வியாபாரம் கத்துக்கிறான். "தெரியலைப்பா, புதுக் கப்பல் வாங்கிக் கொடு"ன்னு சொன்னா, அப்ப கார்டை மூடுங்க.

முடிவா என் மதிப்பீட்டுக் குறிப்பு: டைப்-8, மீடியம் சரக்குக் கப்பல். அவுட்போஸ்ட் ரூட்டுக்கு முதல் தரம். ஷீல்டோட 370 டன்னுன்னு எடுத்துக்கவும். கிரெடிட்ல வாங்கினால் சிபாரிசு செய்யப்படுகிறது. ரூபாயில் வாங்கினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

டிஸ்கி: டைப்-7 வெச்சிருக்கிற அண்ணன்மார் கோவிச்சுக்காதீங்க. பெரிய தளம் இருக்கிற ரூட்டுல அது இன்னும் நல்ல வண்டிதான். பண்ணாரி பக்கம் மட்டும் வந்துடாதீங்க :-)